பம்ப்பு அறையின் இரண்டு மூக்குகள்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. காற்றில் இன்னும் கருகிய வாடை. எனக்கு மட்டும்தானோ என்னவோ. மனைவி கோமதியிடம் கேட்டேன். "இங்கன ஒரு வாடையும் இல்ல. மூணாவது தடவையா குளிக்கப் போறீங்களாக்கும்?" என்றாள். போகவில்லை.

விசாரணை 22, புதன், காலை 11. அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்பாராம். கருவிகள் என் பொறுப்பு. வாய் குழறும், அது எனக்குத் தெரியும். தூத்துக்குடியில் பெரிய ஆலையில் முப்பத்துநான்கு வருடம், ஓய்வுக்குப் பிறகு இந்த ஆலையில் ஏழு வருடம். அத்தனை காலமும் மீட்டர்களோடுதான் பேச்சு. மனிதர் நாலு பேர் முன்னால் நின்றால் சொல்ல வந்தது மாறிப்போகிறது. எனவே எல்லாவற்றையும் வரிசையாக இதில் எழுதிப் பார்த்துவிட்டுப் போவது என்று முடிவு.

எழுத வேண்டியவை:

1. சனிக்கிழமை (11) காலை நடந்தது.
2. அவசர நிறுத்தம் எப்படி வேலை செய்ய வேண்டும்.
3. அது ஏன் வேலை செய்யவில்லை: செல்வம் ஜம்பர் (நிறுத்தத்தைத் தடுக்கும் குறுக்கு ஒயர்) போட்டிருந்தான்.
4. நான் செய்த சோதனைகள், தேதிவாரியாக.
5. செல்வத்துக்கு இனி என்ன. (இது என் வேலை இல்லை. ஆனாலும்.)

முதலாவது. ஆலையில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை ஹெக்சேன் ஊற்றிப் பிரிக்கிறோம். ஹெக்சேன் பெட்ரோல் மாதிரி. அதன் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு ஓடும், கண்ணுக்குத் தெரியாது.

கா. 9.30 இருக்கும். நான் பானல் அறையில். பம்ப்பு அறையில் ஆபரேட்டர் கணேசன். ஷிப்ட் சூப்பர்வைசர் செல்வம் வெளி வாசலில். ஹெக்சேன் பம்ப்பின் சீல் கிழிந்தது. கணேசன் கத்தியது எனக்கே கேட்டது: "அண்ணே, தரையெல்லாம் ஈரம்! வாடை தூக்குது!" செல்வம் பம்ப்பை நிறுத்தும் சிவப்புப் பட்டனைப் பார்த்து ஓடினான். அதே நேரம் முற்றத்தில் புண்ணாக்கு ஏற்ற வந்த டிராக்டரை யாரோ ஸ்டார்ட் செய்தார்கள்.

சத்தம் கேட்டதாக நினைவில்லை. முதலில் வெளிச்சம். அப்புறம் ஜன்னல் முழுசாக, சட்டத்தோடு, உள்ளே வந்தது. நான் மேஜைக்கடியில். எப்படிப் போனேன் என்று தெரியாது. கண்ணாடி குத்திய இடம் இன்றைக்குத்தான் வலிக்கிறது.

கணேசன் நடந்து வந்தான். நடந்தேதான். சட்டை கிழிந்து தொங்குகிறது என்று நினைத்தேன். சட்டை இல்லை அது. "சார், தண்ணி" என்றான். வெளியே கிடந்த வாளியைத் தூக்கினேன். பிளாஸ்டிக் கைப்பிடி இளகி என் கையோடு வந்துவிட்டது, வாளி கீழேயே இருந்தது. கைப்பிடியை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன்?

ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. முப்பத்தொரு வயது. செல்வத்துக்கு இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. பிழைப்பான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மதியம் ஆஸ்பத்திரி வாசலில் கணேசனின் அண்ணன் பாண்டி என் சட்டைக் காலரைப் பிடித்தான். சந்தையில் கறிக்கடை வைத்திருப்பவன். ஆள் ஓங்குதாங்காக இருப்பான்.

"அண்ணாச்சி, கேஸ் வந்தா மிசினு தானா நின்னுரும்னு எந்தம்பி சொல்லுவாம்லா? ஏன் நிக்கல?"

"யாராவது ஜம்பர் போட்டிருக்கலாம்."

"எவன்?"

சுற்றி இருபது பேர். "மே மாசத்தில ஒரு தடவை செல்வம் போட்டான்" என்றேன். மே மாதம் என்பதை நான் அழுத்திச் சொல்லவில்லை. காலரை விட்டால் போதும் என்றிருந்தது. விட்டான்.

அக். 15, புதன்

மூட்டம். வீட்டுக்கு எதிரே உளுந்து விதைத்தவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

இரண்டாவது. பம்ப்பு அறையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டு கேஸ் டிடெக்டர், பம்ப்புக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஆட்கள் அதை மூக்கு என்பார்கள். முகப்பில் சல்லடை போல நுண்ணிய துளைகள் உள்ள உலோக வட்டு. ஆவி அதன் வழியாக உள்ளே போக வேண்டும். வெடிக்கும் அளவில் நூற்றுக்கு இருபது வந்தால் மணி அடிக்கும். நாற்பது வந்தால் யாரையும் கேட்காமல் பம்ப்பு நிற்கும், ஹெக்சேன் வால்வு மூடும், நீராவி நிற்கும். இரண்டில் எந்த மூக்கு உணர்ந்தாலும் போதும். இதைத் தவிர, ஆள் கையால் அமுக்கும் சிவப்புப் பட்டன் தனி. செய்வது இதே வேலை, ஆனால் அதன் ஒயரும் தனி.

ஜம்பர் என்பது இரண்டு விரல் நீளச் சிவப்பு ஒயர். பானலில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குச் செருகினால் மூக்கு என்ன கத்தினாலும் பம்ப்பு நிற்காது. மே மாதம் பருத்தித் தூசி அடைத்து ஒரு நாளைக்கு மூன்று தடவை வீணாக ஆலை நின்றது. செல்வம் ஜம்பர் போட்டான். நான் கண்டுபிடித்து, பிடுங்கி, அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். திட்டத் தெரியவில்லை. அவன் சிரித்தான்: "சார், ஒங்க மூக்குக்குத்தான் சளி. எனக்கு ஏன் கசாயம் குடுக்குதீங்க?" அந்த ஒயரை மேஜை டிராயரிலேயே போட்டு வைத்திருந்தான். தீக்குப் பிறகு மேஜையைத் திறந்தபோது எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

மாத்திரை வாங்கப் போனேன். பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர்:

"பாண்டி வார்டுக்குள்ளயே போயி செல்வத்த அடிச்சிருக்கான். குளுக்கோஸ் மாட்டுத கம்பிய உருவி, தாடையிலயே போட்டிருக்கான். பல்லு நாலு கட்டில் கீழ கெடந்துச்சாம்."

"தடுக்கலியா அவன்?"

"எதக்கொண்டு தடுப்பான்? ரெண்டு கையிலயும் கட்டுல்லா."

"தடுக்காட்டி என்ன. பட்டன அமுக்க வேண்டிய நேரத்துல எங்கன போச்சு அந்தக் கை?"

சிரித்தார்கள். நான் மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

செல்வம் பட்டனை அமுக்கினான். எனக்குத் தெரியும். தீக்குப் பிறகு வால்வு மூடியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அமுக்காமல் இருந்திருந்தால் ஹெக்சேன் டாங்கும் போயிருக்கும், நானும். இதை அந்த இரண்டு பேரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக். 16, வியாழன்

தூறல், மண் நனையவில்லை. மாத்திரை வாங்கியாயிற்று.

மேனேஜர் காரில் வந்தார். தீபாவளி இனிப்புப் பெட்டி ஒன்று. துக்கம் நடந்த ஆலையிலிருந்து இனிப்பா என்று நினைத்தேன், வாங்கிக்கொண்டேன்.

"ஜம்பர்னு முடிச்சிருவோம் சார். ஒரு ஆள் செஞ்ச தப்பு. ஆலை மேல தப்பு இல்ல, ஒங்க மேலயும் இல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல சொன்னீங்கள்லா, அதையே அங்கனயும் சொல்லுங்க."

ரிக்கார்டர் தாள்கள் வேண்டும் என்றேன். மூக்கு இரண்டும் என்ன உணர்கின்றன என்பதை இரவு பகலாகக் கோடு போடும் தாள்கள் அவை. பானல் அறை எரியவில்லை. "அது எதுக்கு சார்? ஜம்பர் போட்டா கோடு நேராத்தான இருக்கும்?" என்றார். அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் காரில் ஏறிவிட்டார். ஆனாலும் அனுப்புகிறேன் என்றார்.

மா. 4 மணி. பாண்டி. மொட்டைத்தலை, நெற்றியில் ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஒங்க சட்டையப் பிடிச்சிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"இல்லப்பா."

"நீங்க ஒரு ஆளுதான் உண்மையச் சொன்னீங்க. மத்தவனுவ எல்லாம் தலையச் சொறிஞ்சானுவ. பொதங்கெழம நானே வண்டி கொண்டாரேன், ஏறிக்கிடுங்க. நீங்க ஆபீசர்கிட்டச் சொன்னாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

மிச்சம் என்றால் என்ன என்று கேட்கவில்லை. கோமதி கேட்டாள், அவன் போன பிறகு, என்னிடம். "மிச்சம்னு எதச் சொல்லுதான் அவன்?" தெரியாது என்றேன்.

அக். 17, வெள்ளி

நல்ல மழை. தெரு முழுக்கக் கரிசல் சேறு. செருப்பை எடுத்து வைத்தால் கால் மட்டும்தான் வருகிறது.

நான்காவது முதலில் (தெளிவாக இருப்பது இதுதான்):
செப். 27, சனி: இரண்டு டிடெக்டரையும் சோதனை வாயு காட்டிப் பார்த்தேன். இருபதில் மணி, நாற்பதில் நிறுத்தம். சரி.
செப். 30, செவ்வாய்: தூசி கழுவுவதற்காக இரண்டின் முகப்பை மறைக்கும் தகரத் தொப்பியையும் கழற்றினேன்.
அக். 3, வெள்ளி: தொப்பிகளைத் திரும்ப மாட்டினேன்.
அடுத்த சோதனை: அக். 27.
தினமும் பச்சை விளக்கு பார்த்தேன். எரிந்தது. கையெழுத்து இருக்கிறது.

ஒன்றும் விடுபடவில்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கா. 11 மணிக்கு செல்வத்தின் மனைவி பேச்சி வந்தாள். கெண்டைக்கால் வரை சேறு. உள்ளே வரமாட்டேன் என்று வாசல்படியிலேயே நின்றாள். கோமதி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவர்கள் வீட்டில் கல் விழுந்திருக்கிறது. ஓடு, ஜன்னல், சாமி படம், எல்லாம். அப்புறம் பாண்டி ஒற்றையாளாக வந்து, முளையில் கட்டியிருந்த வெள்ளாட்டை அவிழ்த்திருக்கிறான்.

"எங்க நடைவாசல்லயே வச்சு அறுத்துட்டான் சார். சினையாடு. தொழில்காரன்லா, ஒரே இழுப்பு. கத்திய எங்க கதவுலயே தொடச்சுட்டு, 'அடுத்தது இதே மாதிரி'ன்னுட்டுப் போறான்."

கோமதி காப்பி கொடுத்தாள். பேச்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"தாடையக் கம்பி போட்டுக் கட்டிருக்காவ. அவியளால பேச முடியாது. கையி அப்பிடிக் கெடக்கு, எழுதவும் முடியாது. நான் கேட்டேன் சார், பொஞ்சாதி நான் கேக்கணும்லா. அந்த ஒயரப் போட்டியளான்னு கேட்டேன். இல்லன்னு தலைய ஆட்டுதாவ. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஆட்டுதாவ. தையல்ல ரத்தம் வருது, நிறுத்த மாட்டேங்காவ."

பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க பாத்தீங்களா சார்? கண்ணால பாத்துச் சொன்னீங்களா?"

மழைச் சத்தம். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

அவள் போன பிறகு கோமதி அடுப்படிக்குப் போய்விட்டாள். மதியம் ரசம் மட்டும்.

அக். 18, சனி

வானம் வெறிச்சிருக்கிறது. ஆலையிலிருந்து ஆள் வந்து தாள்கள் கொடுத்துவிட்டுப் போனார். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அக். 11 வரை. கூடத்துத் தரையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். முழங்கால் வலி.

பார்த்தது:

தினமும் காலை எட்டேகாலுக்கு கணேசன் சாம்பிள் எடுப்பான். குழாயைத் திறந்து ஒரு பாட்டில் பிடிப்பான். அப்போது கொஞ்சம் ஆவி கசியும். இரண்டு கோட்டிலும் மூன்று, நான்கு என்று ஒரு சின்னப் பல் ஏறி இறங்கும். ஆபத்தில்லாத அளவு. செப்டம்பர் முழுக்க அந்தப் பல் இருக்கிறது, ஒரு நாள் தவறாமல். கணேசன் லீவு போட்ட நாளில் மட்டும் அரை மணி தள்ளி இருக்கிறது.

அக். 1, ஆயுத பூசை: காலையில் பல் இருக்கிறது.
அக். 2: ஆலை விடுமுறை.
அக். 3: இல்லை.
அக். 4: இல்லை.
அதற்கப்புறம் எந்த நாளும் இல்லை. இரண்டு கோட்டிலும் இல்லை.

அக். 11: எட்டேகாலுக்கு இல்லை. ஒன்பதரைக்கு, சீல் கிழிந்து தரை முழுக்க ஹெக்சேன் ஓடிய நேரத்தில், பூச்சியம். ஒன்பது நாற்பதுக்குக் கோடு அறுந்துவிட்டது. அதுவரை பூச்சியம்தான்.

ஐந்து தடவை பார்த்தேன். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன்.

மேனேஜர் சொன்னது தவறு. ஜம்பர் போட்டால் கோடு நேராக இருக்காது. ஜம்பர் போடும் இடம் ரிக்கார்டருக்குப் பிறகு வருகிறது. அது வாயைக் கட்டும், மூக்கை அடைக்காது. செல்வம் ஜம்பர் போட்டிருந்தால் கோடு இருபது, நாற்பது, எண்பது என்று ஏறியிருக்கும், பம்ப்பு மட்டும் நின்றிருக்காது. கோடு ஏறவே இல்லை. இரண்டு மூக்கும் ஒன்பது நாளாக எதையும் முகரவில்லை. பச்சை விளக்கு மின்சாரம் இருப்பதற்குத்தான் எரியும். முகர்வதற்கு அல்ல. இது எனக்குத் தெரியும். நாற்பது வருடமாகத் தெரியும்.

1ஆம் தேதி காலைக்கும் 3ஆம் தேதிக்கும் நடுவில் என்ன நடந்தது?

தெரியும். இன்று எழுத முடியாது.

அக். 19, ஞாயிறு

வெயில். பக்கத்து வீட்டில் முறுக்குப் பிழியும் வாசனை. எங்கள் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை.

ஆயுத பூசைக்கு ஆலையில் ஒரு வழக்கம். அவரவர் ஆயுதத்துக்கு அவரவர்தான் பொட்டு வைக்க வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. பிட்டர் ஸ்பானருக்கு, டிரைவர் ஸ்டியரிங்குக்கு, பெருக்குகிறவர்கள் வாரியலுக்கு. கருவிகளுக்கு நான். வருடாவருடம் டிடெக்டரின் தகரத் தொப்பியில் ஒரு பொட்டு வைப்பேன். தொப்பிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இந்த வருடம் தொப்பிகள் கழுவிக் காயப்போட்டிருந்தன. நான் போட்டதுதான்.

கணேசன்தான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தான். புதுச் சட்டை. குனிந்தால் என் முழங்கால் கேட்காது என்று தோளைக் கொடுத்தான். "மூக்க விட்டுராதீங்க சார். நம்மளக் காப்பாத்துத சாமி அதுதான். நல்லா அப்புங்க, கண்ணேறு கழியட்டும்." ஈரச் சந்தனம், கெட்டியாக. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. நடுவில் குங்குமம். விரலால் அழுத்தித்தான் வைத்தேன். அந்தச் சல்லடை வட்டின் மேலேயே.

வைக்கும்போதே ஒரு சின்ன நெருடல். இருந்தது. இல்லை என்று எழுத முடியாது. எல்லாரும் சுற்றி நின்றார்கள், தட்டில் சூடம் எரிந்தது, பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு துடைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

3ஆம் தேதி தொப்பி மாட்டப் போனபோது சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. வைத்த பொட்டை அழிக்க மனம் வரவில்லை. வருடம் முழுக்க அதுவாக உதிர்வதுதான் வழக்கம். அப்படியே தொப்பியை மாட்டிவிட்டேன். அதற்கப்புறம் யார் கண்ணிலும் படவில்லை.

நான்காவதில் "அக். 3: தொப்பிகளைத் திரும்ப மாட்டினேன்" என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை.

ஆனால் நிச்சயமா? ஒரு பொட்டு அவ்வளவு செய்யுமா? நான் எப்போதும் என்மேல் முதலில் சந்தேகப்படுகிறவன், இதிலும் அப்படி இருக்கலாம். சோதிக்காமல் முடிவு கட்டக்கூடாது.

அக். 20, திங்கள். தீபாவளி

விடியலிலிருந்து வெடி. ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. ஒரு தடவை டம்ளரைக் கீழே போட்டேன். அடுத்த தெருப் பிள்ளைகள் சரவெடி வைக்கிறார்கள், அவர்கள்மேல் குற்றமில்லை.

வீட்டில் என் பழைய கையடக்க கேஸ் மீட்டர் ஒன்று உண்டு. தூத்துக்குடி நாள்களில் வாங்கியது. அதே மாதிரிச் சல்லடை வட்டு. பாட்டரி மாற்றினேன்.

கா. 10.00: சிகரெட் லைட்டரைப் பற்ற வைக்காமல் வாயுவை மட்டும் காட்டினேன். ஊசி பாய்ந்தது. சரி.
கா. 10.10: சந்தனம் உரைத்து, ஈரமாக, விரலால் அழுத்தி ஒரு பொட்டு. நடுவில் குங்குமம். மொட்டைமாடி வெயிலில் வைத்தேன்.
மதியம் 12.30: மறுபடி லைட்டர். ஊசி அசையவில்லை.
கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம். அசையவில்லை. மீட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மிக் குழவியை எடுத்து மீட்டரை அடித்தேன். முதல் அடியில் கண்ணாடி போயிற்று. நிறுத்த முடியவில்லை. எத்தனை அடி என்று எண்ணவில்லை. எண்ணாமல் நான் செய்த காரியம் வேறு எதுவும் நினைவில் இல்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம், சந்தனம், எல்லாம் ஒன்றாகத் தரையில்.

கோமதி மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. பழைய துணி கிழித்து விரலைக் கட்டினாள். கட்டும்போதுதான் சொன்னாள்:

"பூசையன்னைக்கு ஒங்க வெள்ளச் சட்டை கஃப்ல சந்தனக்கறை. நாந்தான் தொவச்சேன். அன்னைக்கு ராத்திரி நீங்க சொன்னீங்க, மூக்குக்கும் பொட்டு வச்சேன்னு. பேச்சிப் பிள்ள அன்னைக்கு வந்துட்டுப் போனதுலருந்து நான் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மீட்டர் ஒரு சாட்சி. அதையும் உடைத்தாயிற்று. இனி சாட்சி நான் மட்டும்தான்.

அக். 21, செவ்வாய்

மழை விட்டு விட்டு. முடி வெட்டப் போனேன், நாளைக்காக. அங்கே இருந்தவர்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு கடைக்காரர் கத்தரியை வைத்துவிட்டுக் காதுப்பக்கம் குனிந்தார்:

"அண்ணாச்சி, பாண்டி நேத்து சந்தையில வச்சுச் சொல்லிட்டான். 'பெரியவரு வாயால ஆபீசர் முன்னால வரட்டும், அன்னைக்குச் சாயங்காலமே செல்வம் கத முடிஞ்சிரும்'ன்னு. கத்தியச் சாணை பிடிச்சுக்கிட்டே சொல்லுதான். தீவாளிக்கு ஒரு ஆடு அறுக்கல அவன். பின்ன எதுக்குச் சாணை?"

மிச்சம் என்றால் என்ன என்று இப்போது தெரியும்.

என்ன செய்யலாம்:

அ. பேசாமல் இருப்பது. மூக்கு இரண்டும் தீயில் கருகிவிட்டன, சந்தனமும் போயிருக்கும். கோட்டைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. அதிகாரிக்குத் தெரியுமோ? தெரியாமலும் இருக்கலாம். செல்வத்தால் பேச முடியாது.

ஆ. கணேசன்தான் வைக்கச் சொன்னான் என்பது. பொய்யில்லை. செத்தவன் மறுக்கமாட்டான்.

"ஆ"வை எழுதிவிட்டுக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். தோள் கொடுத்தவன்.

இ.

போலீசுக்கு போன் செய்து பாண்டியைப் பற்றிச் சொன்னேன். பேர் கேட்டார்கள், சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒரு காவலரை உட்கார வைப்பதாகச் சொன்னார்கள். ஒரு காவலர்.

சாயங்காலம் பேச்சியைப் பார்க்கப் போனேன், ஆஸ்பத்திரிக்கு. வார்டு வாசல் வரைதான். செல்வம் படுத்திருந்தான். முகம் ஒரு பக்கம் பூசணிக்காயாக வீங்கி, கண் ஒன்று மூடி. திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட ஆரம்பித்தான். இல்லை, இல்லை. பேச்சி, "ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் "தெரியும்" என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை.

அக். 22, புதன். கா. 9.10

மழை. வெள்ளைச் சட்டை போடவில்லை, நீலம். தாள்கள் உறையில். இந்த நோட்டும் உறையில் போகிறது, வாய் குழறினால் இதையே அதிகாரியிடம் கொடுத்துவிடுவேன். கட்டைவிரல் வீக்கம், பேனா சரியாகப் பிடிக்கவில்லை. எழுத்து மோசம்.

பாண்டி வந்துவிட்டான். ஜன்னல் வழியாகத் தெரிகிறது. பைக்கை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டு மழையில் நிற்கிறான். பக்கப் பையில் சாக்குத் துணி சுற்றிய ஒன்று. மரப்பிடி மட்டும் வெளியே.

கோமதி இட்லி வைத்தாள். ஒன்று தின்றேன். "அங்கன போய்ச் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். அதை யோசித்துக்கொண்டுதான் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரி முன்னால் சொன்னால் நாற்காலி, மேஜை, காவலர், நாலு சுவர் எனக்குப் பாதுகாப்பு. ஆனால் பாண்டிக்கு அது அங்கே தெரிந்தால், வெளியே வந்து என்ன செய்வான், யாரை நோக்கிப் போவான்? அவன் தம்பியைக் கொன்றது எது என்று முதலில் தெரிய வேண்டியது அவனுக்குத்தான். வண்டியில் ஏறுவதற்கு முன்னால், வாசலில்.

"இல்ல, இங்கனயே" என்றேன். கோமதி குடையை எடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, முன்னால் போய் வாசலில் நிற்கிறாள்.

ஹாரன் அடிக்கிறான். "அண்ணாச்சி! நேரமாச்சு, வாங்க!"

போகும் முன் ஒரு திருத்தம்.

14ஆம் தேதி மூன்றாவதாக எழுதியது தவறு. செல்வம் ஜம்பர் போடவில்லை. மூக்கு இரண்டையும் அடைத்தது சந்தனம். விரல் என்னுடையது.